மேடைக்கு முதுகு காட்டி

இப்போதெல்லாம் கல்யாணம் பேசி முடித்தவுடன் முதலில் மண்டபம் பார்க்கிறார்கள், அடுத்து சமையல்காரர், அதற்கடுத்து ‘கேண்டிட்’ எடுக்கிற ஆள். மேடையில் நிற்பவர்களை எடுக்க ஒருவர். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பதையும் அழுவதையும் கொட்டாவி விடுவதையும் அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க இன்னொருவர். இரண்டாமவருக்குத்தான் மரியாதை அதிகம். போன மாதம் கொடைக்கானலில் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கல்யாணங்களுக்கு நான் சாப்பிட மட்டுமே போகிறேன். அங்கே கேமராவோடு நின்ற திண்டுக்கல் பெண் ஒருத்தி, நான் யார் என்று யாரோ சொல்லக் கேட்டு, பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்க காலத்துல கேண்டிட் எல்லாம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப அதுக்கு என்ன பேரு?”

“வேஸ்ட்.”

அவள் சிரித்தாள். நான் உள்ளதைத்தான் சொன்னேன். எங்கள் ஸ்டுடியோவில் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். இது அந்த மிச்சம்.

என் பெயர் செல்வி. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசுகளின் ஒப்பந்தம் என்று சொல்லி இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கொடைக்கானல் மலையில் பூண்டிப் பக்கம் கேரட் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். மலையும் குளிரும் ஏற்கெனவே பழக்கம் என்பதால் அதை மட்டும் அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்ததும் கொடைக்கானலில் ஜேக்கப் சார் ஸ்டுடியோவில் நெகட்டிவ்களை உறையில் போட்டுப் பெயர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு இருட்டறை. பிறகு விளக்குப் பிடிப்பது. பிறகு கேமரா. இந்த ஒரு வரி நடந்து முடிய பல வருஷம் ஆனது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கை எப்போதும் ஈரமாக இருந்தது.

என்னைக் கல்யாணங்களுக்கு அழைத்துப் போனதற்குக் காரணம் என் திறமை இல்லை. மணப்பெண் அலங்காரம் செய்யும் அறைக்குள் ஜேக்கப் சார் போக முடியாது. நான் போகலாம். அவ்வளவுதான்.

ஜேக்கப் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழுப்பு ஸ்வெட்டர், அதற்குள் டை. வெயில் அடித்தாலும் அதேதான். ஏரிக்கரையில் தொப்பி வைத்துக் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் டூரிஸ்டாக இருந்தாலும், கல்யாண மேடையில் நிற்கும் பெரிய மனிதராக இருந்தாலும் அவர் பேசும் பேச்சு ஒன்றுதான். “தாடை” என்பார். தாடையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். “தோள்” என்பார். தோளை இறக்க வேண்டும். சிரிக்கச் சொல்ல மாட்டார். “சிரிங்கன்னா பல்லுதான் வரும்” என்பது அவர் கருத்து. ஒரு தடவை அழுத்துவார். “போதும்” என்பார். கண்ணை மூடிவிட்டேன் என்று யாராவது சொன்னால், “நான் மூடலை” என்பார்.

மண்டபத்துக்குள் நுழைந்து ஒரு காபி குடிப்பதற்குள், அந்தக் குடும்பத்தில் எந்தச் சித்தப்பாவுக்கும் எந்த மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். குரூப் போட்டோவில் அந்த இரண்டு பேரையும் வரிசையின் இரண்டு கோடியில் நிறுத்திவிடுவார். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒருத்தர் வாசலைப் பாத்தா இன்னொருத்தர் சமையக்கட்டைப் பாப்பார். வேற என்ன?”

ஆல்பம் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பிரிண்ட் போட லேபுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தின் சின்னப் பிரதியிலும் எதுவரை வேண்டும் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். படத்தின் ஓரத்தில் ஆள் இல்லாமல் கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். “சொந்தக்காரன் இல்லாத கை ஆல்பத்துல எதுக்கு?” என்பார். காபி டம்ளரை நீட்டும் கை, குழந்தையைப் பிடிக்கும் கை, விசிறும் கை என்று அவர் அந்தப் பென்சிலால் வெட்டிய கைகள் ஏராளம்.

கீழே உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கும் சோலி எனக்கு வந்தது ஒரு கல்யாண வீட்டுக்காரியால். பூண்டியில் எங்களைப் போலவே இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மணப்பெண்ணின் அம்மா சிவகாமிக்கு ஒரே அக்கா. அக்காவுக்கு மட்டும் குடியுரிமைக் காகிதம் சரியாக வரவில்லை என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அவர் இன்னும் அதே தோட்டத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு முதல்நாள் சிவகாமி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“பொண்ணு மாப்பிள்ளை படம் ரெண்டு போதும் செல்வி. வந்த சனத்தை எடு. மேடையில ஏத்தி எடுக்காத. அங்க ஏறினா எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிக்கும். அக்கா பாத்தா ஆரு ஆருன்னு தெரியணும்.”

ஜேக்கப் சாரிடம் சொன்னேன். வேறு ஒரு கல்யாணத்தில் மிஞ்சிப்போய் கேமராவிலேயே கிடந்த பாதி ரோலைக் கொடுத்தார். மறுநாள் கெட்டிமேளம் தொடங்கியதும் எல்லாரும் மேடையைப் பார்த்து எழுந்தார்கள். நான் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். கேமரா பிடிக்கத் தொடங்கியபின் கல்யாணத்தில் தாலி கட்டுவதை நான் பார்க்காதது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். எதிரே இருந்த முகங்களைத்தான் பார்த்தேன். ஒரே சமயத்தில் அத்தனை பேரும் தங்கள் முகத்தை மறந்திருந்தார்கள்.

பிரிண்ட் வந்ததும் ஜேக்கப் சார் கண்ணில் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஒருத்தரும் நம்மளப் பாக்கலையே.”

“ஆமா சார்.”

“எடுத்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப திருட்டு. இனிமே எடுத்தா, அவங்க பந்திக்குப் போறதுக்குள்ள போய், எடுத்துட்டேன்னு சொல்லிடு. வேணாம்னா போட வேணாம்.”

படங்கள் இலங்கைக்குப் போயின. கொஞ்ச நாள் கழித்து அக்கா தொலைபேசியில் பேசியதைச் சிவகாமி வந்து சொன்னார். வாயைப் பொத்திச் சிரிக்கிற ஒரு பையனைப் பார்த்து, இவன் நம்ம லயத்து மாரியாயி பேரன்தானே, அவளும் இப்படித்தானே சிரிப்பாள் என்று அக்கா கேட்டாராம். அந்தப் பையன் இங்கே பிறந்தவன். அக்கா அவனைப் பார்த்ததே கிடையாது. இதை ஜேக்கப் சாரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். அடுத்த கல்யாணத்திலிருந்து எனக்கு முழு ரோல் கிடைத்தது.

இனி பூம்பாறைக் கல்யாணம். இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷங்கள் கழிந்திருந்தன. டிஜிட்டல் கேமரா மலை ஏறிக்கொண்டிருந்த சமயம். எங்கள் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெண் கவிதா, பூம்பாறைப் பூண்டு விவசாயி வீட்டுப் பெண். மாப்பிள்ளை குமரேசன், பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அப்பா இல்லை. அம்மா நாச்சியம்மாள்தான் கடையை நடத்தி அவனை வளர்த்தார். வெள்ளனே முகூர்த்தம். பெண் வீட்டு வாசலில் பந்தல். வெளியே மேகம் இறங்கிக் கிடந்தது. அந்தக் குளிரிலிருந்து கேமராவை நேரே பந்தலுக்குள் எடுத்துப் போனால் சனத்தின் மூச்சுச் சூட்டில் லென்ஸ் வேர்த்துவிடும். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, அடுப்படிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது நாச்சியம்மாளும் அங்கே வந்து நின்றார். வெள்ளை இல்லை, சாம்பல் நிறப் பட்டு. நெற்றியில் திருநீறு மட்டும்.

“மேடைக்குப் போகலையா அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு அங்க என்ன சோலி? கீழ இருந்து பாத்தாப் போதும்” என்றார். அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை. பெண்கள் வரிசையில் ஓரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. நான் வழக்கம்போல் திரும்பி நின்றேன். நாச்சியம்மாள் எழுந்து நின்று, அட்சதையை அள்ளிக் கையைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. ஓர் அழுத்து. கேமரா அடுத்த படத்துக்கு நகரும் நேரத்தில் அந்த முகம் மாறியிருந்தது. உதடு இறுகி, கண் பக்கவாட்டில் திரும்பி, ஏதோ கசந்ததை வாயில் வைத்த மாதிரி. இன்னோர் அழுத்து. அடுத்து வேறு முகங்கள். எல்லாம் முடிந்து, உங்களை எடுத்தேன் என்று சொல்லப் போனபோது அவர் இடம் காலியாக இருந்தது. வேன் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆல்பம் தயாராகி ஆடி மாசத்தில்தான் பூம்பாறைக்குப் போனது. புதுப்பெண் கவிதாவும் ஆடிக்கு அம்மா வீடு வந்திருந்தாள். ஆடி முடிந்தது. அவள் பழனிக்குத் திரும்பவில்லை.

ஒருநாள் கவிதாவின் அப்பா ஆல்பத்தைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டு வந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து நாச்சியம்மாள் படத்தைக் காட்டினார். கசந்த முகம். ஜேக்கப் சார் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். முதல் படத்தில் யாரோ குறுக்கே போயிருந்தார்கள்.

“இதப் பெருசாப் போட்டுக் குடுங்க. நாலு பெரிய மனுசங்க முன்னாடி வைக்கணும்.”

“எதுக்கு?” என்றார் ஜேக்கப் சார்.

“தாலி ஏறுற நேரத்துல சம்பந்தியம்மா மூஞ்சி இருக்கிற லட்சணத்தப் பாருங்க. எம் மகளப் புடிக்கவே இல்ல. காலைல அவ கதவத் தொறந்தா இந்தம்மா வெரசா உள்ள போயிருதாம். நேரே மூஞ்சி குடுத்துப் பேசுறதில்லையாம். எங்க மதினிதான் ஆல்பத்தப் பாத்துட்டுச் சொன்னாக, அன்னைக்கே வேண்டாத வெறுப்பாத்தான் நின்னுருக்கான்னு. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வீட்டாள்கள வரச் சொல்லியிருக்கோம். பேசி முடிச்சுவிட்டுறலாம்னு இருக்கோம்.”

முடித்துவிடுவது என்றால் கல்யாணத்தையே முறித்துவிடுவது என்று எங்களுக்குப் புரிந்தது. ஜேக்கப் சார் என் பக்கம் கையைக் காட்டினார். “எடுத்தது இந்தப் பொண்ணு. அவதான் போடணும்.” பிறகு அவர் உள்ளே போய்விட்டார். இப்படிப்பட்ட நேரங்களில் அவர் உள்ளே போவது வழக்கம்.

கவிதாவின் அப்பா போனபின் நெகட்டிவை எடுத்து விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். ஆல்பத்தில் இருந்தது படத்தின் ஒரு பகுதிதான். சிவப்புக் கோட்டுக்கு வெளியே, நாச்சியம்மாள் தூக்கிய மணிக்கட்டை இன்னொரு கை பிடித்து இறக்கிக்கொண்டிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். புறங்கையில் பச்சை குத்திய தேள். ஆள் படத்தில் இல்லை. ஆனால் அந்தத் தேளை எனக்குத் தெரியும். மணப்பெண் அறையில் கவிதாவுக்குப் பூ வைத்துவிட்ட கை அது. அவளுடைய பெரியம்மா பொன்னுத்தாய். ஆல்பத்தைப் பார்த்துக் குறை சொன்ன மதினியும் அவர்தான்.

ஜேக்கப் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார்.

“கை கெடந்திருக்கு” என்றார்.

“ஆமா சார்.”

“முழுசாப் போடு. போட்டுட்டு நேரா பூம்பாறைக்குப் போயிராத. முதல்ல பழனிக்குப் போ. அந்தம்மாகிட்ட நீ இன்னும் சொல்லலையே.”

லேபிலிருந்து முழுப் படம் வந்ததும் பழனிக்குப் பஸ் ஏறினேன். மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கடையில் குமரேசன் இல்லை. பின்கட்டில் நாச்சியம்மாள் பெரிய அண்டாவில் மலை வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“போட்டோக்காரப் புள்ளதான? உக்காரு. கை ஒழியல.”

அவர் கையைக் கழுவும்வரை காத்திருந்து படத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது நானா?”

“நீங்கதான்மா. அன்னைக்கு எடுத்தேன். சொல்ல வந்தேன், நீங்க போயிட்டீங்க.”

“இம்புட்டு மோசமாவா இருந்தேன்” என்றார், தன் முகத்தைப் பற்றி. பிறகுதான் அந்தக் கையைப் பற்றிப் பேசினார்.

“அந்தம்மா ஒண்ணும் வெடுக்குனு சொல்லல. காதுக்குள்ளதான் சொல்லுச்சு. ‘நீங்க போடாதீங்க சம்பந்தி, புள்ளைகளுக்கு நல்லாருக்காது’ன்னு. சரின்னு கீழ வச்சுட்டேன். எல்லா அரிசியும் கையிலயே இருந்துச்சு. எங்க போடுறதுன்னு தெரியல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வேன்ல போய் உக்காந்துக்கிட்டேன்.”

“குமரேசன்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னா அவன் சும்மா இருப்பானா? கல்யாணத்தன்னைக்கே சண்டை வந்துரும்.”

“அப்ப கவிதாகிட்ட ஏன்மா முகங்குடுத்துப் பேசாம இருக்கீங்க? உங்களுக்கு அவளப் புடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே புரியாத முகம்.

“புடிக்காமயா? காலங்காத்தால அவ கதவத் தொறந்து வரையில என் மூஞ்சிலயா முழிக்கணும்? புதுசாக் கட்டிக்கிட்டு வந்த புள்ள. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அன்னைக்கே சொன்னாகளேன்னு எனக்குத்தான தோணும். அதான் ஒதுங்கிப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூம்பாறையில் பெரியவர்கள் கூடப்போகிறார்கள் என்றும் இந்தப் படத்தைக் கேட்கிறார்கள் என்றும் சொன்னேன்.

“சபையில காட்டாத தாயி.”

“உங்க மேலதான பழி வருது?”

“வரட்டும். அந்தம்மா என்ன ஊர்ல இல்லாததையா சொல்லுச்சு? எம் புருஷன் இருக்கையில நானே எத்தன பேரு கையப் புடிச்சு இறக்கியிருக்கேன். அப்பல்லாம் அந்தப் பொம்பளைக மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்ததில்ல.”

சபையில் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அவர் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அண்டாவின் முன் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பூம்பாறைக்குப் போனேன். பெரியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கவிதாவின் அப்பா, “படம் வந்துருச்சா?” என்று கையை நீட்டினார்.

“வந்துருச்சு. கல்யாணப் பொண்ணுக்குக் காட்டிட்டுத் தர்றேன்” என்றேன். அதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டின் பின்னால் பூண்டு காயவைக்கும் கொட்டகை. கவிதா தாளோடு பூண்டைச் சேர்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்னுத்தாய். தனியாகக் காட்டலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். ஆனால் பெரியம்மாவை எழுந்து போகச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உறையைக் கவிதாவின் கையில் கொடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வெளியே எடுத்தாள். பொன்னுத்தாயும் எட்டிப் பார்த்தார்.

கவிதா ஒருமுறை படத்தைப் பார்த்தாள், ஒருமுறை பெரியம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கையில் அப்போது ஒரு பூண்டுக் கட்டு இருந்தது. பொன்னுத்தாய் கட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

“நாந்தான்” என்றார். “நானே மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வருது. அதுக்கென்ன? வழக்கந்தான?”

“வழக்கந்தான் பெரியம்மா.”

“தப்பா ஒரு வார்த்த சொல்லல. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“சரி பெரியம்மா. கையப் புடிச்சு இறக்குன பெறகு அவுக மூஞ்சி எப்படி இருந்திருக்கணும்னு சொல்றீங்க?”

கவிதா சத்தமாகக் கேட்கவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பொன்னுத்தாய் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான், நாச்சியம்மாள் காலையில் ஏன் உள்ளே போய்விடுகிறார் என்பதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே கவிதா கையிலிருந்த கட்டை முடித்து, முடிச்சை இழுத்து இறுக்கி, அடுக்கின்மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குப் பூண்டைக் காரணம் சொன்னாள். பூண்டு அப்படிச் செய்யாது, வெங்காயம்தான் செய்யும். யாரும் அதைச் சொல்லவில்லை.

பெரியவர்கள் வந்தார்கள். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மாமாவோடு வந்திருந்தான். எல்லாரும் உட்கார்ந்து காபி குடித்தபின் கவிதா ஒரு பையோடு வாசலுக்கு வந்தாள்.

“பேச ஒண்ணுமில்லப்பா. நான் பழனிக்குப் போறேன்.”

“என்னத்தா சொல்ற? இம்புட்டுப் பேரு வந்துருக்காக.”

“சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

“என்ன காரணம்னு சொல்லணும்ல?”

“காரணம் பெரியம்மாவுக்குத் தெரியும்” என்றாள். பொன்னுத்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து, “போகட்டும்ப்பா, அவ வீட்டுக்குத்தான போறா” என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. பெரியவர்களில் ஒருவர், இதற்காகக் கீழேயிருந்து வரச்சொன்னீர்களா என்று வருத்தப்பட்டார். படத்தை யாரும் கேட்கவில்லை. அது கவிதாவின் பையில் பழனிக்குப் போனது.

ஜேக்கப் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அன்றும் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் சிவப்புப் பென்சிலோடு உட்காரும்போது, “இது யாரு கை?” என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். தெரிந்துகொண்டு, பிறகு வெட்டுவார்.

அடுத்த வருஷம் கவிதாவுக்கு வளைகாப்பு. பழனியில், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில். பூம்பாறையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஜேக்கப் சார் கவிதாவுக்கு எதிரே நின்றார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, வந்தவர்களைப் பார்த்து நின்றேன். மூத்த சுமங்கலி என்பதால் பொன்னுத்தாய் வளையல் தட்டோடு முதலில் வந்தார். எனக்குப் பின்னால் கவிதாவின் குரல் கேட்டது.

“அத்தை முதல்ல போடட்டும் பெரியம்மா.”

காபி இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாத்தா பாதியில் நிறுத்தினார். கவிதாவின் அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த நாச்சியம்மாள் ஓரடி உள்ளே போனார்.

“எனக்கு அடுப்புல சோலி கெடக்கு.”

“கெடக்கட்டும். ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன் அத்தை. கை வலிக்குது. வெரசா வாங்க.”

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். வாயில் விரல் வைத்த பெண்கள், கண் கலங்கின குமரேசன், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் கேட்கும் ஒரு காது கேளாத கிழவி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னுத்தாய் தட்டோடு சமையலறை வாசலுக்குப் போனார். தட்டை நாச்சியம்மாள் முன்னால் நீட்டினார்.

“எடுங்க சம்பந்தி. புள்ளைக்குக் கை வலிக்குதாம்ல.”

நாச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார். அவர் என்னைத் தாண்டிப் போனதும் எல்லா முகங்களும் அவரோடு திரும்பின. எனக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

வளையல் போடுவதை ஜேக்கப் சார் எடுத்தார். ஒரு தடவை அழுத்தி, போதும் என்றார். அந்தப் படத்தில் மாமியாரும் மருமகளும் தாடையை உயர்த்தி, தோளை இறக்கி, விறைப்பாக இருக்கிறார்கள். கவிதா அதை ஆல்பத்தில் வைத்துக்கொண்டாள். கடையில் மாட்டுவதற்கு அந்த நேரத்தில் நான் எடுத்த முகங்களைப் பெரிதாகக் கேட்டாள். ஓரத்தில் யார் யாருடையதோ கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜேக்கப் சார் பென்சிலைத் தொடவில்லை.

கல்லாவுக்கு மேலே அந்தப் படம் மாட்டியபின் ஒருமுறை பழனி போயிருந்தேன். பாத யாத்திரை வந்த ஒருவர் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீடு நிறைய சனம், எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், பார்க்கப்படுவது படத்தில் இல்லை.

“என்ன விசேஷம்மா இது?” என்று கேட்டார்.

“வளைகாப்பு” என்றார் நாச்சியம்மாள், டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டே.

“பொண்ணக் காணோமே. எல்லாரும் யாரப் பாக்குறாங்க?”

“என்னையத்தான்” என்றார்.